விளிம்பு கடந்த பின்னும்

ஷிப்ட் முடிந்து வந்த பூட்ஸின் பனி
பழைய செய்தித்தாளில் உருகிக்கொண்டிருக்க
ரோடெல் இரவல் தந்த பெட்டியைச் செருகினேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சார்ஜென்ட் அவென்யூவில் நாய்கூட இல்லை.
திரையில் மட்டும் வெயில்.
வாளியைத் தலையில் கவிழ்த்த குட்டி மனிதன்
இடது ஓரத்தில் நிற்கிறான்.

பதின்மூன்று வயதில் இவனை
நானூறு தடவையாவது கொன்றிருப்பேன்.
ஓடு, தாவு, சாகு. வேறென்ன தெரியும் அப்போது?
இப்போது நாற்பத்தாறு. நடத்திக் கூட்டிப்போகிறேன்,
சந்தைக்கு வந்தவள் விலை கேட்பதுபோல்
ஒவ்வொரு செங்கல்லாய்ப் பார்த்துக்கொண்டு.

முதல் பள்ளம் பள்ளமே அல்ல.
அடியில் தரை, ஏறிவர ஒரு படி.
விழுந்தால் வெட்கத்தோடு சரி.
இரண்டாவதும் அதே அகலம்தான்,
அடியில் ஒன்றுமில்லை.
ஓர் எழுத்து, ஓர் அம்புக்குறி கிடையாது.
காசுகள் வானத்தில் வில்லாய் வளைந்து கிடக்கின்றன;
ஆசைப்பட்டு எட்டினால்
தாவலின் அளவு உடம்பில் ஏறிவிடுகிறது.

மலை மெல்ல நகர்கிறது, மரம் அதைவிட வேகம்,
வேலி இன்னும் வேகம்.
மூன்று தட்டை அட்டைகள், அதற்குள் எத்தனை மைல்!
இதைத்தான் நான் தினமும் ஓட்டுகிறேன்:
போர்ட்டேஜ் அவென்யூ, மேற்கிலிருந்து கிழக்கே,
மின்கம்பங்கள் விர்ரென்று,
கார்க்கடைகள் நிதானமாய்,
எல்லாவற்றுக்கும் பின்னால்
அசைவேனா என்று கிடக்கும் வானம்.

நாலாவது கட்டத்தில்தான் பிடிபட்டது.
மரப்பாலத்தின் நுனியை விட்டு
கால் வெளியே போன பிறகும்
நொடியில் பத்திலொரு பங்கு
தாவும் பொத்தான் வேலை செய்கிறது.
மறுபடி போய்ப் பார்த்தேன். மறுபடியும்.
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்:
தவறியவனைத் தவறவில்லை என்கிற ஆறு பிரேம்.
சின்ன வயதில் அதை
என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

ரோடெலிடம் சொன்னேன், டிப்போவின் காப்பி இயந்திரத்தடியில்.
"நாமும் அதைத்தானே செய்கிறோம்" என்றான்.
கதவுப் பொத்தானில் விரல் வைத்து
அழுத்தாமல் இருக்கும் மூன்று நொடி.
கால அட்டவணையில் அதற்கு வரி கிடையாது.
ஓடி வந்தவர் மூச்சுவாங்கி, கார்டைத் தட்டி,
தன் கால்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டு உட்காருவார்.

யார் அந்த ஆறைக் கூட்டிவைத்தது?
கடைசிப் பெயர்ப்பட்டியலில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
அளந்துதான் கொடுத்திருக்கிறார்.
பன்னிரண்டு கொடுத்திருந்தால் பாலம் பொய்யாகிவிடும்.
இரண்டென்றால் கருமி.

ஆனால் இதில் திரும்பிப் போக முடியாது.
திரையின் இடது விளிம்பு ஒரு சுவர்,
குதிகாலை ஒட்டியே வருகிறது.
விட்ட காசு விட்டதுதான்.
கொடுமை என்று திட்டியிருக்கிறேன்.
பாவம், சின்ன மூளை இயந்திரம்;
கடந்ததை வைக்க இடமில்லை,
பின்னால் அழித்து முன்னால் வரைகிறது.
வாளித் தலையனுக்குப் பக்கக் கண்ணாடி கிடையாது.

எனக்கு இரண்டு இருக்கிறது.
ஜனவரி பதினேழு. ஏழு நிமிடம் தாமதம்.
ரேடியோவில் அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.
ஆரஞ்சுத் தொப்பி, கையில் கேக் பெட்டி,
பனிமேட்டைச் சுற்றி ஓடிவந்தவர்
கதவுக்கு இரண்டடி.
அழுத்திவிட்டேன்.
கண்ணாடியில் ஒரு கை உயர்ந்தபடியே சிறுத்தது,
மற்றக் கை கேக்கைச் சாயாமல் பிடித்திருந்தது.
அடுத்த பஸ் இருபத்திரண்டு நிமிடம்.
அந்தக் குளிரில் தோல் மரக்கப் பத்தே போதும்.
யாருடைய பிறந்தநாளோ.

மணி மூன்று. ஐந்தாவது கட்டத்தில்
நாலு முறை செத்துவிட்டேன்.
தேநீர் போட எழுந்து போனேன்.
ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று தட்டுகிறது.
கோப்பையோடு வந்து பார்த்தால்
அவன் அதே இடத்தில்.
யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால்
வாளியை ஒரு விரல் தூக்கி
இடது பக்கம் எட்டிப் பார்க்கிறான்.

இதற்கும் ஒருவர்
உட்கார்ந்து படம் போட்டிருக்கிறார்.